பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருந்தபோது

என் மனைவி ரக்பி ஆடுகிறவள். இதைச் சொன்னதும் நம் ஆட்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு "அப்படின்னா?" என்பார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர், முட்டை வடிவத்தில் ஒரு பந்து, பந்து வைத்திருப்பவரை இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்க்கலாம், பந்தைக் கையால் பின்பக்கமாகத்தான் எறியலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். போகட்டும். ஒன்பது வருஷம் ஒரு கிளப்புக்காக உடம்பைக் கொடுத்தவளை அந்தக் கிளப் எப்படி நடத்தியது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். எனக்குப் பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற லேப்பில் வேலை. அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில், தலையில் அடிபட்டவர்களுக்கான வார்டில் பிசியோதெரபிஸ்ட் வேலை. கீழே விழுந்து, வண்டியில் மோதி, மூளை கலங்கி வருகிறவர்களின் இடுப்பில் பட்டை கட்டி, அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்கு நடை பழக்குவதுபோலப் பழக்குவாள். கூரை வேலை செய்து விழுந்த ஒருவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "என் ஏணி எங்கே?" என்று கேட்பாராம். இவளும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை "பத்திரமா இருக்குங்க" என்பாளாம்.

ரக்பிக்கு அவள் வந்தது ஒரு வாஷிங் மெஷினால். வந்த இரண்டாம் வருஷம் மூன்றாவது மாடி வீட்டுக்குக் குடிபோனோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு பேருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். முதல் மாடித் திருப்பத்திலேயே எனக்குக் கை விட்டுப்போயிற்று. "நீங்க தள்ளிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை முதுகில் சாய்த்து, அதைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டையை முன்னால் இழுத்துப் பிடித்து ஒற்றை ஆளாக ஏறிவிட்டாள். கீழே கடிதப் பெட்டிகளின் முன்னால் நின்றிருந்த தபால்காரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அந்த ஊர் மொழியில் நடந்த பேச்சுகளையெல்லாம் இங்கே என் தமிழில்தான் சொல்கிறேன். தபால்காரி கேட்டது இது: "ஞாயித்துக்கிழமை நீ என்ன பண்ணுவே?"

"துணி துவைப்பேன்."

"அது சாயங்காலம் துவைச்சுக்கலாம். காலையில என்கூட வா. எங்க டீம்ல ஆள் குறையுது."

போனாள். கல்லூரியில் குண்டு எறிதல் வீராங்கனையாக இருந்தவளுக்கு முன்வரிசை இடம் கிடைத்தது. பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, எதிர் எட்டுப் பேரை முட்டித் தள்ளுவதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதன் முதல் வரியில் நிற்பவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் இரும்பாக இருக்க வேண்டும். மூன்றே மாதத்தில் அவளுக்கு அணியில் 'கதவு' என்று பெயர் விழுந்தது. மூடினால் மூடியதுதான், யாரும் அந்தப் பக்கம் வர முடியாது என்று அர்த்தம்.

என் அம்மா போனில் புலம்பித் தீர்த்தாள். "ஏன்டா, அவள ஒரு எடத்துல உக்கார வைக்க உனக்குத் துப்பில்லையா?" என் மனைவியின் அப்பாவுக்கு இந்த விசாரமெல்லாம் கிடையாது. வாராவாரம் ஒரே கேள்விதான். "அடி வாங்குனியாம்மா, குடுத்தியா?"

அவள் சேர்ந்த ஐந்தாவது வருஷம் பெண்கள் அணியின் கோச் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். "ஆள் கிடைக்கற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க" என்று கமிட்டி இவளிடம் சொன்னது. நாலு வருஷம் ஆள் கிடைக்கவில்லை. தேடினால்தானே கிடைக்கும்? இவளே விடுப்புப் போட்டுப் பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போனாள், இரண்டு பரீட்சை எழுதித் தேறினாள். செவ்வாயும் வியாழனும் வார்டிலிருந்து நேரே மைதானத்துக்கு ஓடுவாள். ஆண்கள் அணிக்கு முன்மைதானம். இவர்களுக்குப் பின்மைதானத்தில் பாதி, அதுவும் ஒற்றை விளக்கின் கீழே. ஆண்களுக்குச் சுடுதண்ணீர் வருகிற உடைமாற்றும் அறை. இவர்களுக்குப் புல்வெட்டும் இயந்திரம் நிற்கிற கொட்டகை. பெட்ரோல் வாடையில், கோடு போடுகிற சுண்ணாம்பு டின்களுக்கு நடுவில், ஆணியில் துணியை மாட்டிவிட்டு பதினெட்டுப் பெண்கள் உடை மாற்றுவார்கள். ஸ்க்ரம் பழகுவதற்கு இயந்திரம் கேட்டால் ஆண்களுக்கு வேண்டும் என்பார்கள். அதனால் எங்கள் பழைய காரை அவர்கள் முட்டித் தள்ளிப் பழகினார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பது என் வேலை. ஒரு வியாழக்கிழமை பிரேக்கையும் மீறி வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அன்றைக்கு அவர்கள் போட்ட கூச்சலில் ஆண்கள் அணி ஆட்டத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

பதினெட்டுப் பேருக்கும் வாய்க்காப்பு நான்தான் செய்தேன். கடித்துக் கொடுத்த அச்சுகள் இன்றும் என் லேப் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. கிளப்பின் ஆண்டு மலரில் பயிற்சியாளர்கள் என்றொரு பக்கம் உண்டு. நாலு வருஷமும் அந்தப் பக்கத்தில் அவள் இல்லை. 'உதவியவர்கள்' என்ற பக்கத்தில், தேநீர் போடுகிறவருக்கும் கோடு போடுகிறவருக்கும் இடையில் இருந்தாள். நான் குதித்தேன். "தேநீர் போடறவர் நல்ல மனுஷன், அவர் பக்கத்துல இருந்தா என்ன குறைச்சல்?" என்றாள்.

அவள் பயிற்சி கொடுத்த நாலாவது வருஷம் அணி பிராந்தியத்தில் முதலாவதாக வந்து மேல் பிரிவுக்கு ஏறியது. அந்தக் கிளப்பின் பெண்கள் அணிக்கு இது முதல் தடவை. பொதுக்கூட்டத்துக்கு நானும் போனேன். கிளப் தலைவர் கூரை ஓடு வியாபாரம் செய்கிறவர், மேடைப் பேச்சில் கெட்டிக்காரர். பெண்கள் அணியைப் பாராட்டி ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, ஆறாவது நிமிஷத்தில் அவர்களுக்குப் புதிய கோச்சை அறிவித்தார். கிளப்பின் பழைய கேப்டன்! கூடத்துச் சுவரில் மூன்று இடத்தில் அந்த ஆளின் படம் மாட்டியிருந்தது. வாழ்க்கையில் ஒரு நாளும் யாருக்கும் பயிற்சி கொடுத்தவரில்லை.

என் மனைவி எழுந்து நின்றாள். "அவருக்குப் பயிற்சியாளர் சர்டிபிகேட் இருக்கா?"

"அவருக்கு எதுக்கு சர்டிபிகேட்? இந்த கிளப்போட ரத்தம் அவர்," என்றார் தலைவர். கூட்டம் கை தட்டியது.

"அப்ப நான்?"

"நீங்க ரொம்ப முக்கியம். நீங்க இல்லாம முடியவே முடியாது. மேல் பிரிவு வேற மாதிரி, அங்க அனுபவம் வேணும். அதனால நீங்க அவருக்குப் பக்கபலமா இருந்து, ஆடிக்கிட்டும் இருங்க."

அந்தப் பின்மைதானத்தில் இவளுக்கு இரண்டு தடவை மூக்கு உடைந்திருக்கிறது. ரத்தத்தைப் பற்றிப் பேசுகிறாயா என்று கேட்க நான் வாயெடுத்தேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சமையலறையில் தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவளிடம் சண்டை பிடித்தேன். "தூக்கிப் போட்டுட்டு வா. உனக்கென்ன தலையெழுத்தா?"

"பதினெட்டுப் பேர் இருக்காங்கங்க. அவங்கள எப்படி விட்டுட்டு வர்றது?"

"அவங்கதான் உன்ன விட்டுட்டாங்களே."

"விட்டது கமிட்டி. டீம் இல்ல. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க."

பழைய கேப்டன் பயிற்சி கொடுத்த அழகை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டு, தன் காலத்து ஆட்டங்களைப் பற்றிக் கதை அளப்பார். "ஓடுங்க பொண்ணுங்களா" என்று கத்துவார். யார் எங்கே ஓட வேண்டும் என்பதை இவள் காதோரம் சொல்லிக்கொண்டிருப்பாள். முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டில் ஜெயித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் படம் வந்தது.

நாலாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில். நான் வழக்கம்போலக் கோட்டுக்கு வெளியே முக்காலியில் கேமராவை வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். அணியில் வேகமாக ஓடக்கூடியவள் தபால்காரி. எதிராளியைச் சாய்க்கப் பாய்ந்தபோது அவளுடைய நெற்றிப்பொட்டில் அந்தப் பெண்ணின் முழங்கால் இடித்தது. சத்தம் எனக்கே கேட்டது. நாலைந்து நொடி அப்படியே கிடந்தாள். பிறகு எழுந்தாள். அதற்குள் பந்து யார் கையிலிருந்தோ நழுவி முன்னால் விழுந்துவிட்டது, அது தப்பு. ரெஃபரி விசில் ஊதி, அந்தப் பக்கம் ஸ்க்ரமுக்கு இடம் காட்டப் போய்விட்டார். தபால்காரி மெதுவாக நடந்து எதிர் அணியின் வரிசையில் போய் நின்றுகொண்டாள். அந்த அணிப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

அதை என் மனைவி பார்த்துவிட்டாள். ஸ்க்ரமுக்குப் போகாமல் நேரே தபால்காரியிடம் வந்தாள்.

"இது எந்தப் பாதி?"

"முதல் பாதி."

"யாரோட ஆடறோம்?"

தபால்காரி சிரித்தாள். "பையில கொஞ்சம் தபால் மிச்சமிருக்கு. முடிச்சுட்டு வந்துடறேன்."

என் மனைவி கையை உயர்த்தினாள். "மாத்துங்க! தலையில அடி!"

மாற்று ஆட்டக்காரி கோட்டுக்கு வெளியே தயாராகத்தான் நின்றாள். பழைய கேப்டன் அவளைப் பின்னால் தள்ளினார். "எந்திரிச்சு நிக்கிறால்ல? பன்னெண்டு நிமிஷந்தான். ஆடு!"

ரெஃபரி திரும்பி வந்து தபால்காரியிடம், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். தலையில் அடிபட்டவரிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் "நல்லா இருக்கேன்" என்றாள். "அவளே சொல்றா!" என்று பழைய கேப்டன் வெளியிலிருந்து கத்தினார். ரெஃபரி கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்க்ரமுக்கு வாங்க."

"வர மாட்டேன்," என்றாள் என் மனைவி.

தபால்காரியின் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வார்டில் நோயாளிகளின் பட்டையைப் பிடிப்பதுபோல அவளுடைய கால்சட்டை இடுப்பை இறுகப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தாள். பழைய கேப்டன் மைதானத்துக்குள் வந்து குறுக்கே நின்றார்.

"இது என் டீம். யார் வெளிய போகணும்னு நான்தான் சொல்லணும்."

"வழிய விடுங்க."

"இன்னொரு அடி எடுத்து வச்சே, உன் ஆட்டம் இன்னையோட முடிஞ்சுது."

"சரி. வழிய விடுங்க."

அவர் நகரவில்லை. ஸ்க்ரமுக்குக் காத்திருந்த ஏழு பேரும் இவள் பின்னால் வந்து நின்றார்கள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். அப்புறந்தான் அந்த ஆள் ஒதுங்கினார். எதிர் அணியின் கேப்டன் ஓடிப்போய்த் தன்னுடைய குளிர்கோட்டை எடுத்துவந்து தபால்காரிமேல் போர்த்தினாள். ரெஃபரி ஆட்டத்தை முடித்து, எங்கள் அணி விட்டுக்கொடுத்ததாகக் குறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரை ஓட்டினேன். வழியில் தபால்காரி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஸ்கேனில் மூளைக்குப் பக்கத்தில் ரத்தம் கசிந்திருப்பது தெரிந்தது. டாக்டர் எங்களைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "இதுக்கு மேல இன்னொரு அடி பட்டிருந்தா, நாம இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டோம்." எட்டு நாள் வைத்திருந்தார்கள்.

அந்த எட்டு நாளில் கமிட்டியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் கடிதம் மட்டும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அல்ல, எங்கள் வீட்டுக்கு. 'காரணமின்றி ஆட்டத்தை நிறுத்தியதற்காகவும், பயிற்சியாளருக்குக் கீழ்ப்படியாமல் கிளப்பின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காகவும்' விசாரணைக்கு வர வேண்டுமாம். காரணமின்றி! அந்தக் காரணம் நாலாவது மாடியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தது. நான் கடிதத்தைக் கசக்கினேன். அவள் அதை வாங்கி, மேசைமேல் வைத்து நீவி, உறையில் போட்டாள்.

விசாரணை நடந்தது கோப்பைகள் அடுக்கிய அறையில். எதிரே ஐந்து ஆண்கள். கூட ஒருவர் வரலாம் என்றிருந்ததால் நான் போனேன். வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை.

"ஸ்கேன்ல என்ன வந்துதுங்கறது அப்புறம் தெரிஞ்ச விஷயம்," என்றார் தலைவர். "ஆட்டத்தை நிறுத்தினப்ப உங்களுக்கு அது தெரியாது. தெரியுமா?"

"தெரியாது."

"பாத்தீங்களா?"

"தெரியாததாலதான் வெளிய கூட்டிட்டு வந்தேன். சந்தேகம்னாலே வெளிய அனுப்பணும்னு விதியே இருக்கு. இந்த அறைச் சுவத்துலயே ஒட்டியிருக்கீங்க, உங்க முதுகுக்குப் பின்னால."

ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய கேப்டனிடம் மன்னிப்புக் கேட்டால் கண்டிப்போடு விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். "எதுக்கு?" என்றாள். ஆறு வாரம் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பழைய கேப்டனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதையெல்லாம் அவள் தாங்கினாள். தாங்க முடியாமல் போனது வேறொன்று. தபால்காரி வீடு திரும்பியதும் பழைய கேப்டன் பூங்கொத்தோடு அவளைப் பார்க்கப் போயிருக்கிறார். அவளுக்கோ அந்த நாளைப் பற்றி ஒன்றுமே ஞாபகமில்லை. "உனக்கு லேசா தலை சுத்துச்சு, அவ்வளவுதான். கோச் வேலை போன ஆத்திரத்துல 'கதவு' ஆட்டத்தைக் கெடுத்துட்டா" என்று சொல்லியிருக்கிறார். அவள் நம்பிவிட்டாள். என் மனைவி போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்து, "நான் நல்லா இருக்கேன்னு சொன்னேனாமே, அப்புறம் எதுக்கு என்ன இழுத்துட்டுப் போனே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு என் மனைவி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, "பேசாட்டிப் போகட்டும். உயிரோட இருக்கால்ல," என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் தபால்காரி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். மெலிந்திருந்தாள். வெளிச்சம் ஆகாமல் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். "வீடியோ இருக்குன்னு டீம்ல சொன்னாங்க. பாக்கணும்," என்றாள்.

போட்டுக் காட்டினேன். எதிர் அணியின் வரிசையில் போய் நிற்கிற தன்னைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னாள். திரும்பப் போடச் சொன்னாள். நாலு தடவை பார்த்தாள்.

"இது நானா?"

படம் மேலே ஓடியது. கேமரா பழைய கேப்டனுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் அவர் பேசியது தெளிவாகப் பதிவாகியிருந்தது.

"நான் அந்தப் பக்கம் போய் நிக்கறத அவன் பாக்கறான்," என்றாள் தபால்காரி. "பாத்துட்டுத்தான் ஆடுன்னு சொல்றான்." எழுந்து வந்து என் மனைவியின் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். "பேனா குடு," என்றாள். தலை வலிக்க வலிக்க இரண்டு பக்கம் எழுதி, வீடியோவோடு சேர்த்து, எல்லாக் கிளப்புகளுக்கும் மேலே இருக்கிற ரக்பி சங்கத்துக்குப் புகார் அனுப்பினாள்.

சங்கம் இரண்டு மாதம் விசாரித்தது. வந்த முடிவைக் கேளுங்கள். பழைய கேப்டன் தலைக்காயம் பற்றிய அரைநாள் வகுப்புக்குப் போய் வர வேண்டும். விதிகளைக் கிளப்புக்கு 'நினைவூட்டுகிறோம்'. அவ்வளவுதான்! ஒருத்தியின் மூளையோடு விளையாடியவருக்கு அரைநாள், மதியச் சாப்பாட்டோடு. அவளைக் காப்பாற்றியவளுக்கு ஆறு வாரம். அதுவும் சங்கத்தின் விசாரணை முடிவதற்குள்ளேயே அனுபவித்துத் தீர்ந்த ஆறு வாரம்.

ஆனால் அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. பயிற்சிக்கு யாருமே போகவில்லை. பழைய கேப்டன் செவ்வாயும் வியாழனும் ஒற்றை விளக்கின் கீழே தனியாக நின்றுவிட்டுத் திரும்பினாராம். தலைவர் போன் செய்தார். என் மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்களே திரும்ப வந்துடுங்க. தலைமைக் கோச்னே போட்டுடலாம், ஆண்டு மலர்லயும்."

"சந்தோஷம். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"பழசக் கிளறாம முன்னால போவோமே."

"ஒரே ஒரு வரிதான் கேக்கறேன்."

"கமிட்டி எழுதினத கமிட்டியே மாத்தினா, கமிட்டிக்கு என்ன மரியாதை?"

"சரிங்க. அந்த மரியாதையோட நல்லா இருங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். "சும்மா இருங்க," என்றாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

இப்போது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னக் கிளப்பில் இருக்கிறாள். மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். உடைமாற்றும் அறையில் கொக்கிகள் இருக்கின்றன, சுடுதண்ணீர் வருகிறது, பலகையில் தலைமைப் பயிற்சியாளர் என்று அவள் பெயர் எழுதியிருக்கிறது. பதினெட்டில் பதினான்கு பேர் கூடவே வந்துவிட்டார்கள். தபால்காரி இனி ஆட முடியாது. தெருக்கள் மறந்துபோவதால் தபாலாபீஸிலும் உள்ளே உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலைதான். அணி மேலாளராக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறாள். எந்த மைதானத்துக்குப் போனாலும் முதல் காரியமாக எதிர் அணிக் கோச்சிடம் போய், "தலையில அடிபட்டா உங்க பக்கம் முடிவு சொல்றது யாரு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறாள்.

பழைய கிளப்பின் இந்த வருஷத்து மலரை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். 'போதிய ஆர்வம் இல்லாத காரணத்தால் பெண்கள் அணி தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று போட்டிருக்கிறார்கள். ஆர்வம் இல்லையாம்! இரண்டு கடிதம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. மூன்றாவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புது அணிக்கு இந்த சீசனின் முதல் ஆட்டம் போன மாதம் நடந்தது. முப்பத்தொன்றுக்கு ஐந்து என்று மண்ணைக் கவ்வினார்கள். வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மூன்றாவது ஸ்க்ரமில் எங்கே பிசகியது என்பதை எனக்கு விளக்கியே தீர வேண்டுமென்று என்னை நடைவழியில் குனிய வைத்தாள்.

"முதுக நேரா வைங்க. தலை கீழ போகுது. கழுத்து பத்திரம்."

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"பேசாதீங்க. நான் சொன்னதும் தள்ளுங்க," என்று அவள் என் தோளில் தோளைக் கோத்தாள்.